கென்யாவில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லமும் பள்ளியும் நடத்துவது: எதை முதலில், எதைக் கடைசியில்

புதிதாக வருபவர்கள் இந்த வேலையைப் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் நிலம், அடுத்து கட்டடம், அப்புறம் அதை நிரப்பக் குழந்தைகள், எல்லாம் முடிந்தபின் உரிமம். இதை அப்படியே திருப்பிப் போட்டால்தான் சரியான வரிசை: சட்டம், குழந்தையின் குடும்பம், பள்ளி, கடைசியில் படுக்கை.

இங்கே சொல்வது மேற்குக் கென்யாவை, அதாவது விக்டோரியா ஏரியை ஒட்டிய கிசுமு, சியாயா, ஹோமா பே கவுண்டிகளை (நம் மாவட்டம் மாதிரி) மனதில் வைத்து. உகாண்டாவிலோ தான்சானியாவிலோ சட்டம் வேறு. வரிசை பெரிதாக மாறாது.

1. புதிய இல்லம் திறக்க முடியாது என்பதிலிருந்து தொடங்குங்கள்

கென்ய அரசு 2017 நவம்பரில் புதிய குழந்தைகள் இல்லங்களின் பதிவை நிறுத்தியது. 2022இல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. அதே ஆண்டு வெளியான பராமரிப்புச் சீர்திருத்தத் திட்டம் 2032க்குள் குழந்தைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்கு மாற்ற வேண்டும் என்கிறது. ஊர்க்காரர் ஒருவர் "எனக்கு ஆள் தெரியும், உரிமம் வாங்கித் தருகிறேன்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஏற்கெனவே பதிவான இல்லம் ஒன்றின் நிர்வாகத்தில் சேரலாம். அல்லது படுக்கையே இல்லாமல் பள்ளியும் குடும்ப உதவியும் மட்டும் நடத்தலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது. நன்கொடையாளர்களிடம் அதை விளக்குவதுதான் சிரமம், கட்டடம் என்றால் படம் எடுத்து அனுப்பலாமே.

மூன்றாவதாக ஒரு குறுக்கு வழியும் உண்டு. விடுதிப் பள்ளி என்று பதிவு செய்துவிட்டு உள்ளே இல்லம் நடத்துவது. செய்யாதீர்கள். நீதிமன்ற ஆணை இல்லாமல் ஆண்டு முழுக்க, விடுமுறையிலும்கூட, குழந்தைகள் அங்கேயே இருந்தால் அதிகாரிகள் அதை இல்லமாகத்தான் பார்ப்பார்கள்.

ஏற்கெனவே உள்ள இல்லத்தில் சேர்வதானால் மூன்று காகிதங்களைக் கண்ணால் பாருங்கள்: பதிவுச் சான்றிதழ், ஒவ்வொரு குழந்தைக்கும் நீதிமன்றம் தந்த ஒப்படைப்பு ஆணை, கடைசி ஆண்டின் தணிக்கை அறிக்கை. ஆணை இல்லாத குழந்தைகள் பாதிப் பேர் என்றால் அதைச் சரிசெய்வதுதான் உங்கள் முதல் ஆறு மாத வேலை. வண்ணம் பூசுவது பிறகு.

2. கிளம்பும் முன்

சுற்றுலாவுக்கான மின்னணு அனுமதியில் வந்து வேலை செய்யக் கூடாது, சம்பளம் வாங்காவிட்டாலும். அறப்பணிக்கும் சமயப் பணிக்கும் தனி வகை அனுமதி இருக்கிறது. அதற்கு உள்ளூரில் பதிவான அமைப்பு ஒன்றுதான் உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும்.

அந்த அமைப்பு தொண்டு நிறுவனமாகப் பதிவானது என்றால், பழைய சட்டத்தின் கீழ் பெற்ற பதிவு புதிய பொதுநல அமைப்புகள் சட்டத்துக்கு மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். 2013இல் இயற்றிய அந்தச் சட்டம் 2024 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. பலர் இதைக் கவனிக்கவே இல்லை.

நிலம் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போடுங்கள். கென்ய அரசியலமைப்பின்படி வெளிநாட்டவர் அதிகபட்சம் 99 ஆண்டுக் குத்தகையாகத்தான் நிலம் வைத்திருக்க முடியும். உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கிவிட்டு அவர் இறந்தபின் அவருடைய பிள்ளைகளோடு வழக்காடுவது இங்கே பழகிப்போன கதை. அமைப்பின் பெயரில் குத்தகை போதும்.

இந்தியாவில் அறக்கட்டளை வைத்துப் பணம் திரட்ட நினைக்கிறவர்கள், கிளம்பும் முன் ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். இந்தியாவுக்கு வெளியே செலவழிக்கும் அறப்பணிக்குப் பொதுவாக வரிவிலக்கு கிடைக்காது. நன்கொடையாளருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

3. குழந்தை வாசலுக்கு வரும் நாள்

பாட்டியோ, போலீஸோ, ஊர்ப் பாதிரியாரோ ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அன்று இரவு தங்க இடம் தேவைதான், கொடுங்கள். ஆனால் அன்றே துணைக் கவுண்டியின் குழந்தைகள் நல அலுவலருக்குத் தகவல் போக வேண்டும். போலீஸ் கூட்டிவந்தால் நிலையப் பதிவேட்டின் எண்ணை எழுதி வாங்குங்கள். அதை அங்கே எல்லாரும் 'ஓபி நம்பர்' என்பார்கள். அந்த எண் இல்லாவிட்டால், குழந்தை எப்படி உங்களிடம் வந்தது என்பதை நாளை நிரூபிக்க முடியாது. காணாமல் போன பிள்ளையை ஒளித்து வைத்ததாகக்கூடப் புகார் வரலாம்.

கோப்பைத் திறக்கும்போது முதல் பக்கத்தை இப்படி வையுங்கள். கூட்டிவந்தவரின் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண், குழந்தைக்கு அவர் என்ன உறவு. குழந்தை போட்டிருந்த உடை, கையில் இருந்த பொருள், உடம்பில் இருந்த காயங்கள். பேசிய மொழி: லுவோ மக்களின் டொலுவோவா, லூயாவா, சுவாஹிலியா. குழந்தை சொன்ன ஊர்ப் பெயர்களை அது உச்சரித்தபடியே எழுதுங்கள், வரைபடத்தில் தேடித் திருத்தி எழுத வேண்டாம். இரண்டு மாதம் கழித்து அந்த உச்சரிப்புதான் ஊரைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

வந்த அன்றே "இனி இதுதான் உன் வீடு" என்று அன்பாகச் சொல்லிவிடுவார்கள் பலர். சொல்லாதீர்கள். இல்லம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி: தேவைப்படும் வரை இருக்கலாம், குணமானதும் வீட்டுக்குப் போக வேண்டும். குழந்தையிடம் "உன் ஆட்களைத் தேடுகிறோம், அதுவரை இங்கே இருக்கலாம்" என்று சொன்னால் போதும், அதுதான் உண்மையும்.

4. உறவைத் தேடுவது: இந்த வேலையின் நடுப்பகுதி

இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பார். தந்தை இறந்திருப்பார், தாய் நைரோபியில் வீட்டு வேலை செய்துகொண்டிருப்பார். இரண்டு பேருமே இல்லாவிட்டாலும் பாட்டி, அத்தை, மூத்த அண்ணன் என்று யாராவது இருப்பார்கள். அவர்கள் குழந்தையை அனுப்பியது பாசம் இல்லாமல் அல்ல. உங்களிடம் மூன்று வேளை சோறும் பள்ளியும் கிடைக்கிறது, அவ்வளவுதான். அந்த இரண்டையும் பாட்டியின் வீட்டிலேயே கிடைக்கச் செய்தால் குழந்தையை இல்லத்தில் வைக்கக் காரணமே இருக்காது.

தேடும்போது "உன் வீடு எங்கே?" என்று கேட்டால் சின்னக் குழந்தைக்குப் பதில் தெரியாது. சந்தை எந்தக் கிழமை கூடும், தண்ணீர் எடுத்தது ஆற்றிலா ஏரியிலா, ஞாயிற்றுக்கிழமை எந்தச் சபைக்குப் போவீர்கள், பள்ளிக்கூடச் சட்டை என்ன நிறம் என்று கேளுங்கள். லுவோ மக்களிடையே இன்னொரு நல்ல கேள்வி உண்டு: அப்பாவை எங்கே புதைத்தார்கள்? வேறு ஊரில் இறந்தாலும் உடலைச் சொந்த வளாகத்துக்கு, அவர்கள் 'டாலா' என்று சொல்லும் இடத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்வதுதான் வழக்கம். அடக்கத்துக்குப் போன பிள்ளைக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கும். அந்த இடம் தெரிந்தால் அப்பா வழிக் குடும்பமும் தெரிந்துவிடும்.

அடுத்து அந்தப் பகுதி சீஃபிடம் போங்கள். சீஃப் என்றால் குலத் தலைவர் இல்லை, அரசு நியமித்த வட்டார அதிகாரி. அவருக்கு எல்லாக் குடும்பமும் தெரியும். அவருடைய கூட்டத்தில், பராசா என்பார்கள், விசாரித்தால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: கூட்டத்தில் குழந்தையின் படத்தைக் காட்டாதீர்கள். குடும்பப் பெயரை மட்டும் கேளுங்கள்.

பலர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த கட்டத்தில். முதலில் கண்ணில் பட்ட உறவினரிடம் குழந்தையைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு பேரையாவது பாருங்கள், அப்பா வழியில் ஒருவர், அம்மா வழியில் ஒருவர். தந்தையின் நிலத்தை யார் உழுகிறார் என்று கேளுங்கள். அந்த நிலத்தைத் தான் வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு, குழந்தை திரும்பி வருவதில் ஆர்வம் குறைவாக இருக்கலாம், அல்லது சந்தேகப்படும் அளவுக்கு அதிகமாக இருக்கலாம். வீட்டு மதிப்பீட்டை எழுதிக் கையெழுத்திட வேண்டியவர் குழந்தைகள் நல அலுவலர். உங்கள் பணியாளர் கூடப் போகலாம், முடிவெடுக்கக் கூடாது.

சரி, ஆள் கிடைத்தாயிற்று. அனுப்புவதைப் படிப்படியாகச் செய்யுங்கள். பாட்டி இரண்டு மூன்று முறை இல்லத்துக்கு வந்து பார்க்கட்டும், பயணச் செலவை நீங்கள் கொடுங்கள். பிறகு ஏப்ரல் விடுமுறையில் ஒரு வாரம், ஆகஸ்ட் விடுமுறை முழுக்க அங்கே. ஜனவரியில் புதிய பள்ளி ஆண்டு தொடங்கும்போது நிரந்தரமாக. பள்ளிப் பருவத்தின் நடுவில் மாற்றினால் சேர்க்கையும் கெடும், நட்பும் அறுந்துபோகும்.

போகும்போது மெத்தை, போர்வை, கொசுவலை, தட்டு, பள்ளி உடை எல்லாம் கூடவே போக வேண்டும். பாட்டி வீட்டில் ஏற்கெனவே நாலு பேரப்பிள்ளைகள் இரண்டு பாயில் படுத்திருப்பார்கள். வருகிற குழந்தை அவர்கள் இடத்தைப் பிடுங்கக் கூடாது. நோட்டுப் புத்தகம் வாங்கினால் அந்த நாலு பேருக்கும் சேர்த்து வாங்குங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் புதுச் செருப்பு வந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்கு நிம்மதி இருக்காது.

அரசின் ஆதரவற்ற குழந்தைகளுக்கான உதவித்தொகை ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,000 ஷில்லிங். பட்டியலில் பெயர் சேரக் காலமாகும், விண்ணப்பத்தை முதல் மாதமே போடச் சொல்லுங்கள். அது வரும் வரை நீங்கள் கொடுக்கும் தொகையை எழுதிவைத்து, எத்தனை மாதம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

5. சான்றிதழ்கள்

பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் கல்வித் துறையின் தகவல் அமைப்பில் குழந்தையைப் பதிய முடியாமல் போகலாம், பொதுத் தேர்வுப் பதிவும் சிக்கலாகும். தாமதப் பதிவுக்குத் தடுப்பூசி அட்டை, ஞானஸ்நான அட்டை, பழைய பள்ளியின் கடிதம், பெற்றோரின் அடையாள அட்டை நகல், சீஃப் கடிதம் என்று கிடைப்பதையெல்லாம் திரட்டுங்கள். வந்த முதல் ஆண்டிலேயே முடியுங்கள், பாட்டி உயிரோடு இருக்கும்போதே.

பெற்றோரின் இறப்புச் சான்றிதழை யாரும் நினைப்பதில்லை. அது இல்லாமல் தந்தையின் நிலத்துக்கு வாரிசுரிமை வழக்கே தொடங்க முடியாது. பிள்ளை 18 வயதில் அடையாள அட்டைக்குப் போகும்போதும் பெற்றோர் பற்றிக் கேட்பார்கள். அந்த அட்டை கிடைக்காதவருக்குத் தன் பெயரில் சிம் கார்டு இல்லை, எம்-பெசா என்னும் கைபேசிப் பணக் கணக்கு இல்லை, கல்விக்கடன் இல்லை. எட்டு வயதில் வாங்காமல் விட்ட காகிதம் பதினெட்டில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

6. சொந்தப் பள்ளி தேவையா?

கென்யாவில் 2003 முதல் அரசுத் தொடக்கப்பள்ளியில் கட்டணம் இல்லை. நடக்கும் தூரத்தில் சுமாரான அரசுப் பள்ளி இருந்தால் உங்கள் பணத்தைச் சீருடை, மதிய உணவு, மாலை வகுப்பு ஆகியவற்றில் போடுங்கள். தனிப் பள்ளி கட்டினால் இல்லத்துப் பிள்ளைகள் வளாகத்தை விட்டு வெளியே போகாமலே வளர்வார்கள். கடையில் பேரம் பேசத் தெரியாத, மட்டாட்டு வேனில் தனியாக ஏறப் பயப்படும் பதினாறு வயதுப் பையன்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

பள்ளி நடத்தியே ஆக வேண்டும் என்றால் ஊர்ப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள். வகுப்பில் இல்லத்துப் பிள்ளைகள் சிறு பகுதியாக இருக்க வேண்டும். வசதியுள்ளவர்களிடம் வாங்கும் கட்டணம் ஆசிரியர் சம்பளத்துக்கும் உதவும்.

பள்ளியைக் கவுண்டி கல்வி வாரியத்தில் பதிய வேண்டும். ஒவ்வொரு ஆசிரியரும் ஆசிரியர் பணி ஆணையத்தில் பதிவானவராக இருக்க வேண்டும். பாடத்திட்டம் இப்போது 2-6-3-3-3: முன்தொடக்கநிலை இரண்டு ஆண்டு, தொடக்கநிலை ஆறு, இளநிலைப் பள்ளி மூன்று, முதுநிலைப் பள்ளி மூன்று, உயர்கல்வி மூன்று. பழைய எட்டாம் வகுப்புத் தேர்வு 2023உடன் முடிந்துவிட்டது. இப்போது ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் தேசிய மதிப்பீடு. இளநிலைப் பள்ளிக்கு அறிவியல் கூடமும் பாட ஆசிரியர்களும் வேண்டும். சின்ன அமைப்பு ஆறாம் வகுப்போடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆசிரியர்கள் விஷயத்தில் ஒன்று: அரசுப் பணி ஆணை வந்தால் அடுத்த வாரமே போய்விடுவார்கள், வகுப்பின் நடுவில். அவர்கள் மேல் கோபப்பட நியாயம் இல்லை, அங்கே ஓய்வூதியம் உண்டு. மாற்று ஆசிரியர் இரண்டு பேரின் எண்ணை எப்போதும் வைத்திருங்கள்.

7. படுக்கையறையும் இரவும்

2024 செப்டம்பரில் நியேரி கவுண்டியில் உள்ள ஹில்சைடு எண்டராஷா பள்ளி விடுதியில் தீப்பிடித்து 21 மாணவர்கள் இறந்தார்கள். கென்யாவில் அது முதல் விடுதித் தீ அல்ல. கல்வித் துறையின் பாதுகாப்புக் கையேடு தெளிவாகத்தான் சொல்கிறது: கதவு ஐந்து அடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும், சன்னலில் கம்பி கூடாது, கட்டில்களுக்கு இடையே 1.2 மீட்டர். திருடனுக்குப் பயந்து கம்பி போட்ட சன்னல்களை நீங்கள் போன முதல் வாரமே கழற்றுங்கள். இரவில் வெளியிலிருந்து பூட்டும் வழக்கம் இருந்தால் அன்றே நிறுத்துங்கள்.

மேட்ரன் ஒருவரே பகலும் இரவும் பார்த்தால் இரவில் அவர் தூங்கிவிடுவார், மனிதர்தானே. இரவுக்குத் தனி ஆள் வையுங்கள். சமையல்காரர், காவலாளி, ஓட்டுநர் உட்பட எல்லாரிடமும் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கி, பழைய வேலையிடத்துக்கும் போன் செய்து விசாரியுங்கள். பெரியவர் யாரும் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. நிறுவனர் உட்பட, அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும்.

குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 116. அதைக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், அலுவலகச் சுவரில் அல்ல. அலுவலகத்தில் யாரும் பார்க்காமல் படிக்க முடியாது.

பாலியல் வன்முறை நடந்ததாகச் சந்தேகம் வந்தால் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல், நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கட்டும் என்று காத்திருக்கும் இடங்களில்தான் அந்த நேரம் போய்விடுகிறது.

8. மக்காச்சோளக் கணக்கு

காலையில் கஞ்சி, மதியம் சோளமும் அவரையும் சேர்த்து வேகவைத்த கிதேரி, இரவில் சோள மாவுக் களியான உகாலியும் கீரையும், வாரத்தில் சில நாள் ஏரியின் சிறு மீனான ஒமெனா. எல்லாவற்றுக்கும் அடிப்படை மக்காச்சோளம். பள்ளி மதிய உணவுக்கு ஒரு பிள்ளைக்கு 150 கிராம் தானியம், 40 கிராம் அவரை, 5 கிராம் எண்ணெய் என்று கணக்கு வைப்பார்கள். 200 பிள்ளைகள் என்றால் நாளுக்கு 30 கிலோ, 90 கிலோ மூட்டை ஒன்று மூன்று நாள்.

விலை அறுவடைக்குப் பின், ஆண்டுக் கடைசியை ஒட்டி இறங்கும், மே முதல் ஜூலை வரை ஏறும். மாதாமாதம் கடையில் வாங்குபவர் அதிக விலை கொடுத்துக்கொண்டே இருப்பார். ஆனால் மொத்தமாக வாங்கினால் ஈரம்தான் எதிரி. ஈரச் சோளத்தில் பூஞ்சை பிடித்து அஃப்லடாக்சின் நஞ்சு உண்டாகும். 2004இல் கிழக்குக் கென்யாவில் அதனால் 125 பேர் இறந்தார்கள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

வாங்கும் இடத்திலேயே சோதிக்கலாம். உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு கைப்பிடி காய்ந்த உப்பு, இரண்டு மூன்று கைப்பிடி சோளம், சில நிமிடம் நன்றாகக் குலுக்கி வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் சோளம் ஈரம், மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். ஒட்டாவிட்டால் ஓரளவு காய்ந்திருக்கிறது, இன்னும் ஒருநாள் தார்ப்பாயில் வெயில் காட்டி, காற்றுப் புகாத உட்பை கொண்ட சாக்கில் கட்டுங்கள். மூட்டையை மண் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள்.

சேமிப்பறையில் அளவு கொரோகொரோவில் நடக்கும், அதாவது இரண்டு கிலோ பிடிக்கும் தகரடப்பா. அடி நசுங்கிய டப்பா ஒன்று எப்போதும் அங்கே இருக்கும். தராசு வாங்கிவிடுங்கள்.

9. உடல்நலம்

ஏரிக்கரைக் கவுண்டிகளில் மலேரியா அதிகம். காய்ச்சல் என்றால் சோதித்துவிட்டே மருந்து. ஏரியில் குளிக்கவிடாதீர்கள், பில்ஹார்சியா என்ற புழுநோய் உண்டு. அடிக்கடி மூட்டுவலி என்று அழும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவுகட்டும் முன் அரிவாள் செல் சோகைக்குச் சோதியுங்கள். இந்தப் பகுதியில் அது பரவலாக உண்டு.

எச்ஐவி உள்ள பிள்ளைகளின் விவரம் நர்ஸுக்கும் பொறுப்பாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். மாத்திரை நேரத்தில் அவர்களை மட்டும் வரிசையாக நிறுத்துவது பட்டியலைச் சுவரில் ஒட்டுவதற்குச் சமம். எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒரு காரணத்துக்காக நர்ஸ் அறைக்குத் தினமும் வந்துபோகும்படி பழக்குங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது எந்த மருத்துவமனையில் மாத்திரை தொடரும் என்பதை முடிவுசெய்து, மாற்றுக் கடிதத்தோடு அனுப்புங்கள்.

10. பணம், படம், விருந்தாளி

ஒரு நன்கொடையாளர், ஒரு குழந்தை என்று இணைப்பது பணம் திரட்ட எளிது, நடத்தக் கடினம். ஒருவனுக்குச் சைக்கிள் வரும், பக்கத்துக் கட்டில்காரனுக்கு ஒன்றும் வராது. அந்தக் குழந்தை வீடு திரும்பினால் நன்கொடையும் நிற்கும், ஆகவே நிர்வாகத்துக்கு அவனை அனுப்ப மனம் வராது. நன்கொடையை மாதச் செலவுத் தலைப்புகளில் வாங்குங்கள்: சோளம், ஆசிரியர் சம்பளம், குடும்ப உதவி.

எம்-பெசா வசூல் தனியாள் எண்ணுக்கு வரக் கூடாது, அமைப்பின் பெயரில் உள்ள எண்ணுக்கே வர வேண்டும். பணம் எடுக்க இருவர் ஒப்புதல். ஆறு மாதச் செலவு கையிருப்பில் இல்லாமல் ஒரு குழந்தையைக்கூடக் கூடுதலாகச் சேர்க்காதீர்கள்.

2019 தகவல் பாதுகாப்புச் சட்டப்படி குழந்தையின் படத்தை வெளியிடப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் வெளியிட்ட ஒரு பள்ளிக்கு 2023இல் பெரும் அபராதம் விழுந்தது. பெயர், ஊர், "பெற்றோரை எய்ட்ஸில் இழந்தவள்" என்ற மூன்றையும் ஒரே படத்தின் கீழ் போடுவதை நிறுத்துங்கள். அந்தப் பெண் இருபத்திரண்டு வயதில் வேலை தேடும்போதும் அது இணையத்தில் இருக்கும்.

இரண்டு வாரத் தன்னார்வலர்கள் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போவார்கள், குழந்தைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். தன்னார்வலர்களைக் கணக்கு எழுத, கூரை சரிசெய்ய, ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்க அனுப்புங்கள். குழந்தைகளின் அறைக்கு அல்ல.

11. அனுப்பியபின், 18 ஆனபின்

வீடு திரும்பிய குழந்தையை முதல் மாதம் இரண்டு முறை, பிறகு மாதம் ஒரு முறை, ஓராண்டாவது போய்ப் பாருங்கள். சொல்லாமல் போகும் வருகையும் இடையில் ஒன்று இருக்கட்டும். பள்ளி வருகைப்பதிவைக் கேட்டுப் பாருங்கள், வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அதுவே முதலில் காட்டும். சரிவரவில்லை என்றால் அலுவலரோடு பேசி வேறு உறவினரைத் தேடுங்கள், உடனே இல்லத்துக்குத் திரும்பக் கூட்டிவருவது கடைசி வழி.

இல்லத்திலேயே வளர்ந்தவர்களுக்கு 15 வயதிலிருந்து தயாரிப்பு தொடங்க வேண்டும். வாரம் ஒருநாள் சந்தையில் வாங்கி, சமைத்து, கணக்கு எழுதட்டும். தொழிற்பயிற்சியா, கல்லூரியா என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். 18 ஆனதும் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, வாடகை அறைக்கு முதல் மூன்று மாதப் பணம் கொடுங்கள். அப்புறம், அவர்கள் அழைக்க ஒரே தொலைபேசி எண். பொறுப்பாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆகவே அந்த எண்ணை எந்தப் பொறுப்பாளரின் சொந்த சிம்மிலும் வைக்காமல் அமைப்பின் பெயரில் வாங்கி வையுங்கள்.